நம்ம ஆள் விலகிவிட்டார்: ஓட்டை மாற்றுவதா, நோட்டாவா, காத்திருப்பதா?

2020 டிசம்பர் 3 அன்று, ஜனவரியில் கட்சி தொடங்கப்போவதாக ரஜினிகாந்த் அறிவித்தார். 'இப்போ இல்லேன்னா எப்பவும் இல்ல' என்றும் எழுதினார். 25ஆம் தேதி ஹைதராபாத்தில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 29ஆம் தேதி, உடல்நிலையைக் காரணம் சொல்லி, கட்சி தொடங்கவில்லை, மன்னித்துவிடுங்கள் என்று அறிக்கை விட்டார். 2017 டிசம்பர் 31 அன்று '234 தொகுதியிலும் போட்டி' என்று அவர் சொன்னதிலிருந்து மூன்று வருடம் பூத் கமிட்டிக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்த மன்றத்துக்காரர்களுக்கு, தேர்தலுக்கு நூறு நாள்கூட இல்லாத நேரத்தில் இப்படி ஒரு முடிவு வந்தது.

அவர்களில் பலரும் கேட்டது ஒரே கேள்விதான்: இப்ப நாங்க என்ன செய்யறது?

இதை அவர்கள் மட்டும் கேட்கவில்லை. 2016இல் கோவில்பட்டியில் நிற்பதாக அறிவித்த வைகோ கடைசி நேரத்தில் விலகியபோது ம.தி.மு.க.காரர்கள் கேட்டார்கள். 2024இல் இந்தூரில் காங்கிரஸ் வேட்பாளர், மனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாளில் வாபஸ் வாங்கிக்கொண்டு பா.ஜ.க. பக்கம் போனபோது அந்த ஊர் காங்கிரஸ்காரர்கள் கேட்டார்கள். ஒவ்வொரு தேர்தலிலும் எங்காவது யாராவது இதே இடத்தில் நிற்கிறார்கள். அவர்கள் முன்னால் இருக்கும் வழிகள் ஐந்து. வேறொருவருக்கு ஓட்டு, நோட்டா, வீட்டிலேயே இருப்பது, தலைவர் திரும்பி வருவார் என்று காத்திருப்பது, ஊர் வேலைக்குத் திரும்புவது.

## முதலில், போனது எது?

ஏமாற்றம் ஒன்றாகத் தெரிந்தாலும் அதற்குள் மூன்று கலந்து கிடக்கிறது. ஒன்று, அந்த மனிதர். இன்னொன்று, அவர் மூலமாக நடக்கும் என்று நாம் நம்பிய காரியம்: ஊழல் ஒழிப்போ, மதுவிலக்கோ, ஊருக்குத் தண்ணீரோ. மூன்றாவது, நம்ம கூட்டம். மாலையில் டீக்கடையில் சேர்ந்து நின்றவர்கள், போஸ்டர் ஒட்டப் போனவர்கள், விடிய விடிய வாட்ஸ்அப் குரூப்பில் பேசியவர்கள்.

எனக்குத் தெரிந்த தொண்டர்களில் பலருக்கு உண்மையில் வலித்தது மூன்றாவதுதான். அதைச் சொல்லக் கூச்சப்பட்டு 'நாடு நாசமாப் போச்சு' என்பார்கள். எது போனது என்று தெரியாமல் மருந்து தேடினால் தப்பான மருந்துதான் கிடைக்கும். கூட்டத்தை இழந்தவர் நோட்டாவை அழுத்தினால் அவருக்கு எதுவும் திரும்பக் கிடைக்காது. காரியத்தை இழந்தவர் தலைவர் வீட்டு வாசலில் போய் நின்றால் காரியம் இன்னும் தள்ளிப்போகும்.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து வழிகளையும் நான் நிறுக்கும் அளவுகோல்கள் இவை. நம்ம தொகுதியில் இந்த முடிவால் ஏதாவது மாறுமா? எந்தக் காரியத்துக்காக அவரை விரும்பினோமோ அது முன்னே நகருமா? கைக்காசு, நேரம், உறவு எவ்வளவு போகும்? ஆறு மாதம் கழித்து மனசு மாறினால் திரும்ப முடியுமா? கடைசியாக, ராத்திரி தூக்கம் வருமா? இந்தக் கடைசியைச் சிரித்து ஒதுக்க வேண்டாம். மற்ற நாலிலும் தேறிய வழி இதில் தோற்றால், அதை நீங்கள் ஒரு மாதத்துக்கு மேல் கடைப்பிடிக்க மாட்டீர்கள்.

அப்புறம், ஒரு சட்ட விஷயம். விலகல் எந்தக் கட்டத்தில் நடந்தது என்று பாருங்கள். மனுத்தாக்கலுக்கு முன்னால் என்றால் ஓட்டு இயந்திரத்தில் அவர் பெயரே வராது. மனுப்போட்டு, வாபஸ் நாளுக்குள் விலகினாலும் அப்படித்தான். ஆனால் வாபஸ் நாள் தாண்டிய பிறகு 'நான் விலகிக்கொள்கிறேன்' என்று அவர் மைக்கில் சொன்னாலும் சட்டப்படி அவர் வேட்பாளர்தான். பெயரும் சின்னமும் இயந்திரத்தில் இருக்கும், விழும் ஓட்டு செல்லும், ஜெயித்தால் அவரே உறுப்பினர். அதனால் வாக்குப்பதிவுக்கு முந்தின இரவு 'அண்ணன் விலகிட்டாராம்' என்று குரூப்பில் செய்தி வந்தால், பத்துப் பேருக்கு அனுப்பும் முன் தேர்தல் ஆணையம் வெளியிட்ட இறுதி வேட்பாளர் பட்டியலைப் பாருங்கள். அந்த நேரத்துக்கென்றே கிளப்பிவிடப்படும் வதந்திகள் உண்டு.

## வழி 1: வேறொருவருக்கு ஓட்டைக் கொடுப்பது

கோவில்பட்டியையே எடுத்துக்கொள்வோம். வைகோவுக்குப் பதிலாக அவர் கட்சியின் இன்னொருவர் நின்றார். 28 ஆயிரத்துக்கு மேல் ஓட்டு வாங்கி மூன்றாம் இடம். முதல் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் நடுவே இருந்த வித்தியாசம் வெறும் 428 ஓட்டு. அ.தி.மு.க. ஜெயித்தது, தி.மு.க. தோற்றது. வைகோ இல்லை என்றதும் மனம் உடைந்து எந்தப் பக்கமாவது சாய்ந்தவர்கள், அல்லது எந்தப் பக்கமும் சாயாமல் வீட்டில் இருந்தவர்கள், ஐந்நூறு பேர் இருந்திருந்தாலே போதும், அந்தத் தொகுதியின் ஐந்து வருடத்தை அவர்கள்தான் தீர்மானித்தார்கள் என்று சொல்லிவிடலாம். அதே தேர்தலில் ராதாபுரத்தில் வித்தியாசம் 49.

முதல் அளவுகோலில் இந்த வழியை அடிக்க வேறு வழி இல்லை. இரண்டாவதில்தான் சிக்கல். நம்ம ஆளிடம் பிடித்தது எல்லாம் அடுத்தவரிடம் இருக்காது. இருப்பவர்களில் யார் நம்ம ஆளைப் போல் இருக்கிறார் என்று தேடுவது வீண் வேலை, ஒருவரும் தேறமாட்டார். நமக்கு முக்கியமான இரண்டு காரியங்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, தொகுதியில் நிற்பவர்களில் அதற்கு யார் ஒத்துவருவார் என்று பார்ப்பது பலன் தரும். வேட்பாளர்கள் தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரத்தில் சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாம் இருக்கிறது. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். கட்சித் தலைவரைப் பிடிக்காமலிருந்தாலும் உங்கள் தொகுதியில் அந்தக் கட்சி நிறுத்தியவர் நல்லவராக இருக்கலாம். நேர்மாறாகவும் நடக்கும்.

கூட்டமாகப் போய் பேரம் பேசினால் இந்த வழிக்கு இன்னும் பலம். அமெரிக்காவில் 2020 ஏப்ரல் 8 அன்று பெர்னி சாண்டர்ஸ் அதிபர் வேட்பாளர் போட்டியிலிருந்து விலகினார். ஆனால் மீதி மாநிலங்களில் தன் பெயர் வாக்குச்சீட்டில் இருக்கட்டும் என்றார். அதில் கிடைக்கும் கட்சி மாநாட்டுப் பிரதிநிதிகளை வைத்துக் கட்சியின் கொள்கையை வளைக்கலாம் என்பது அவர் கணக்கு. மறுநாளே, போட்டியில் மிஞ்சிய ஜோ பைடன், மெடிகேர் என்ற முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டில் சேரும் வயதை 60ஆகக் குறைப்பேன் என்றார். பிறகு பருவநிலை, மருத்துவம், கல்வி என்று ஆறு விஷயங்களுக்கு இரு தரப்பு ஆட்களும் சேர்ந்த குழுக்கள் அமைந்தன. எல்லாம் பலித்ததா என்றால் இல்லை. மெடிகேர் வயது இறங்கவே இல்லை. ஆனால் சும்மா வீட்டுக்குப் போனவர்களுக்குக் கிடைத்ததைவிட இது அதிகம்.

மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு. நேற்றுவரை யாரைத் திட்டினோமோ அவருக்குப் போடுகிறோம் என்றால் பழைய கூட்டத்தில் 'விலை போயிட்டான்' என்ற பேச்சு வரும். ஓட்டு ரகசியம் என்பதை நினைவில் வையுங்கள். ஓட்டை மாற்றுவதற்காகக் கட்சி மாற வேண்டியதில்லை, துண்டு மாற்ற வேண்டியதில்லை, ஸ்டேட்டஸ் போட வேண்டியதும் இல்லை. கட்சியில் போய்ச் சேர்வது வேறு கணக்கு. 2021 ஜனவரியில் ரஜினி மன்றத்தின் சில மாவட்டச் செயலாளர்கள் தி.மு.க.வில் சேர்ந்தார்கள். அதற்கப்புறம் மன்றமே, விருப்பப்பட்டவர்கள் விலகி எந்தக் கட்சியிலும் சேரலாம் என்று சொல்லிவிட்டது. பொறுப்பில் இருந்தவருக்கு அது ஒரு பாதை. சாதாரண ஆதரவாளர் இதில் அவசரப்பட்டால், புது இடத்தில் கடைசி வரிசையில் நின்று கொடி பிடிப்பதில் போய் முடியும்.

## வழி 2: நோட்டா

உச்ச நீதிமன்றம் 2013 செப்டம்பர் 27 அன்று கொடுத்த தீர்ப்பால் வந்தது இந்தப் பொத்தான். கோபத்தைப் பதிவுசெய்ய இதைவிட ஒழுங்கான வழி கிடையாது. ஆனால் அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்துகொண்டு அழுத்த வேண்டும்.

சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலில் நோட்டா எவ்வளவு வாங்கினாலும் முடிவு மாறாது. வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்தவர், அவ்வளவுதான். டெபாசிட் கணக்கிலும் அது சேராது. செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வாங்காதவர் டெபாசிட் இழப்பார், அந்தச் செல்லுபடியான ஓட்டில் நோட்டாவைச் சேர்ப்பதில்லை. 'நோட்டா ஜெயித்தால் மறுதேர்தல்' என்று சுற்றிவரும் செய்தியை நம்பி அழுத்தாதீர்கள்.

நோட்டா எப்போது எடுபடும் என்பதற்கு இந்தூர் நல்ல உதாரணம். தன் வேட்பாளர் ஓடிப்போனதும் காங்கிரஸ், நோட்டாவுக்கு ஓட்டுப் போடுங்கள் என்று ஊர் முழுக்கப் பிரசாரம் செய்தது. 2,18,674 பேர் அழுத்தினார்கள். அங்கே இரண்டாம் இடம் வந்த வேட்பாளர் வாங்கியது 51,659. பா.ஜ.க. வேட்பாளர் 11,75,092 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார், அது வேறு விஷயம். இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வரிசையில் நின்று 'எங்கள் ஆள் போனாலும் நாங்கள் இருக்கிறோம்' என்று எண்ணிக்கையில் காட்டினார்கள். அதற்குக் காரணம், ஒரு கட்சி அதை ஒழுங்குபடுத்தியது. 2017 ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் நோட்டா 2,373 வாங்கி, பா.ஜ.க.வின் 1,417ஐத் தாண்டியது. அது இரண்டு நாள் மீம்ஸுக்கு ஆயிற்று. தனியாக ஒருவர் அழுத்தும் நோட்டா யார் காதிலும் விழாது என்பதுதான் இதன் மறைமுகச் செலவு. கையில் மை இருக்கும், காரியம் நகராது.

நோட்டா சரியாக வரும் இடங்கள்: போட்டி ஒருபக்கமாக இருக்கும் தொகுதி, அல்லது நிற்பவர்களில் ஒருவருக்குப் போட்டால்கூட உங்களுக்குத் தூக்கம் கெடும் என்ற நிலை. நெருக்கமான தொகுதியில் நான் அழுத்தமாட்டேன்.

போட்டியே இல்லையென்றால் நோட்டாவும் கிடையாது. 2024இல் சூரத்தில் காங்கிரஸ் வேட்பாளர் மனு தள்ளுபடியாகி, மற்றவர்களும் வாபஸ் வாங்கியதும் பா.ஜ.க. வேட்பாளர் போட்டியின்றி ஜெயித்ததாக அறிவித்துவிட்டார்கள். அந்த ஊர்க்காரர்களுக்குக் கோபத்தைப் பதிய ஒரு பொத்தான்கூட இல்லாமல் போயிற்று.

## வழி 3: வீட்டிலேயே இருப்பது

இதற்கு அதிகம் எழுத ஒன்றும் இல்லை. போகாதவர் வேட்பாளர் பிடிக்காமல் போகவில்லையா, வெயிலுக்குப் பயந்து போகவில்லையா என்று எந்தக் கணக்கிலும் பிரிக்க முடியாது. கோபக்காரரும் சோம்பேறியும் ஒரே எண். 2021இல் மாநிலம் முழுக்கச் சுமார் 73 சதவீதம் ஓட்டுப் பதிவானபோது சென்னையில் 60ஐக்கூடத் தொடவில்லை. அங்கே தியாகராயநகரில் முடிவைத் தீர்மானித்தது 137 ஓட்டு.

ஆனால் ஒருவருக்கு இது சரி என்பேன். அந்த வாரம் உண்மையிலேயே உடம்பும் மனசும் ஒத்துழைக்காதவர். அவர் ஓய்வெடுக்கட்டும். ஓட்டுப் போடாததற்காகப் பட்டியலிலிருந்து பெயரை நீக்க மாட்டார்கள், அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்ளலாம். கூட இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தலைவருக்காக உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு நம் ஊரில் வெறும் பேச்சாக நிற்காத நாட்கள் உண்டு. குரூப்பில் யாராவது அப்படி எழுதினால் 'உணர்ச்சிவசப்படறான்' என்று விடாமல் உடனே கூப்பிடுங்கள், நேரில் போங்கள், தனியாக விடாதீர்கள். 104, 14416 இரண்டும் இலவச உதவி எண்கள்.

## வழி 4: திரும்பி வருவார் என்று காத்திருப்பது

மனசுக்கு மிகவும் இனிக்கும் வழி இது. ஐந்திலும் அதிகச் செலவு வைப்பதும் இதுதான்.

2021 ஜனவரி 10 அன்று, முடிவை மாற்றிக்கொள்ளச் சொல்லி ரசிகர்கள் வள்ளுவர் கோட்டத்தில் திரண்டார்கள். வெளியூரிலிருந்து வண்டி பிடித்து வந்தவர்கள் அதில் நிறைய. மறுநாள் ரஜினி, முடிவு முடிவுதான், திரும்பத் திரும்ப இப்படிச் செய்து என்னை வேதனைப்படுத்தாதீர்கள் என்று அறிக்கை விட்டார். அந்த ஜூலையில் மக்கள் மன்றத்தையே கலைத்து, பழையபடி ரசிகர் நற்பணி மன்றமாக மாற்றினார். ஜனவரியில் கிளம்பி வந்தவருக்குச் செலவான பஸ் காசு பெரிதல்ல. அதற்கப்புறமும் 'தலைவர் ஏதோ பிளான் வெச்சிருக்கார்' என்று ஜூலைவரை நம்பியவருக்குப் போனது ஒரு தேர்தல்.

சரி, திரும்பி வருபவர்களே இல்லையா? இருக்கிறார்கள். கமலா ஹாரிஸ் 2019 டிசம்பர் 3 அன்று அதிபர் போட்டியிலிருந்து விலகினார். 2020 ஆகஸ்டில் துணை அதிபர் வேட்பாளர் ஆனார். அவருடைய தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் கோலம் போட்டுக் கொண்டாடியதைப் பார்த்தோம். ஆனால் அவர் விலகக் காரணம் பணப்பற்றாக்குறை. அரசியலை விட்டுப் போகவில்லை, செனட்டராகத்தான் இருந்தார். இதுதான் பார்க்க வேண்டிய இடம். பணம், கூட்டணி, சீட்டு பிரச்சினையால் விலகியவர் திரும்பக்கூடும். உடல்நிலையையோ குடும்பத்தையோ சொல்லி விலகியவரை வற்புறுத்தி அழைப்பது அவருக்கும் நல்லதல்ல, அவருக்குப் பின்னால் நிற்கும் நமக்கும் நல்லதல்ல.

விலகியவரே அந்தச் சூட்டில் சொல்வதை எல்லாம் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. ரஜினியோடு நின்ற தமிழருவி மணியன், ரஜினி விலகிய மறுநாளே இனிச் சாகும்வரை அரசியல் இல்லை என்று அறிவித்தார். பின்னால் காமராஜர் மக்கள் கட்சி என்று நடத்தினார். இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. முதல் வாரத்து முடிவுகள் யாருக்கும் அப்படித்தான் ஆகும். உங்களுக்கும் ஆகும். அதனால் முதல் வாரத்தில் போனை உடைப்பது, குரூப்பை விட்டு விலகுவது, பச்சை குத்தியதை அழிப்பது எதுவும் வேண்டாம்.

## வழி 5: ஊர் வேலைக்குத் திரும்புவது

கூட்டத்தை இழந்தவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஏற்கெனவே ஆள் இருக்கிறது, போன் நம்பர் இருக்கிறது, யார் வீட்டு வண்டி எப்போது கிடைக்கும் என்று தெரியும். ரத்ததானமோ, வாக்காளர் பட்டியல் திருத்த முகாமில் பெயர் சேர்க்க உதவுவதோ, கிராமசபையில் போய்க் கேள்வி கேட்பதோ, இதற்குத் தலைவர் அனுமதி தேவையில்லை.

கிராம ஊராட்சி வார்டு, தலைவர் பதவிகளுக்குக் கட்சிச் சின்னமே கிடையாது என்பதும் இங்கே உதவும். 2021 அக்டோபரில் ஒன்பது மாவட்டங்களில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் விஜய் மக்கள் இயக்கத்துக்காரர்கள் சுயேச்சைகளாக நின்று நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் ஜெயித்தார்கள். அப்போது விஜய் கட்சி தொடங்கியிருக்கவில்லை. அந்த அறிவிப்பு வந்தது 2024 பிப்ரவரியில். மேலே கட்சி இல்லாமலே கீழே வேலை நடக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

செலவு? நேரம்தான், அதுவும் கொஞ்சமல்ல. குப்பைத் தொட்டிக்காக மூன்று மாதம் அலைவதில் மாநாட்டுக் கூட்டத்தின் சிலிர்ப்பு எதுவும் இருக்காது. நற்பணி என்று தொடங்கி உள்ளூர்ப் பிரமுகர் ஒருவருக்கு இலவச ஆள்படையாகப் போய் முடிந்த மன்றங்களும் உண்டு. கணக்கு நோட்டு ஒன்று, அதை எழுத இரண்டு பேர், இது முதல் நாளிலேயே வேண்டும். இன்னொன்று: இந்த வழி ஓட்டுச்சாவடிக் கேள்விக்குப் பதில் ஆகாது. தேர்தல் நாளில் முதல் மூன்றில் ஒன்றை எப்படியும் எடுத்தே ஆக வேண்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | தொகுதியில் மாறுமா | காரியம் நகருமா | மறைமுகச் செலவு | திரும்ப முடியுமா |
|---|---|---|---|---|
| வேறொருவருக்கு ஓட்டு | நெருக்கமான இடத்தில் நிச்சயம் | கேட்டு வாங்கினால் கொஞ்சம் | பழைய நண்பர்களின் பேச்சு | அடுத்த தேர்தலில் |
| நோட்டா | மாறாது | கூட்டமாகச் செய்தால் செய்தியாகும் | தனியாகச் செய்தால் கேட்க ஆளில்லை | அடுத்த தேர்தலில் |
| வீட்டில் இருப்பது | பிறர் ஓட்டு தீர்மானிக்கும் | இல்லை | கோபம் கணக்கிலேயே வராது | முடியும் |
| காத்திருப்பது | இல்லை | தள்ளிப்போகும் | நேரம், காசு, ஒரு தேர்தல் | போன நாள் வராது |
| ஊர் வேலை | வார்டு அளவில் ஆம் | மெதுவாக | நேரம், பிரமுகர் கையில் சிக்கும் ஆபத்து | எப்போதும் |

## யாருக்கு எது

உங்கள் தொகுதியில் போன தடவை வித்தியாசம் இரண்டாயிரத்துக்குள் இருந்ததா? அப்படியென்றால் வழி 1. 2021இல் கோவை தெற்கில் கமல்ஹாசன் தோற்றதே 1,728 ஓட்டில்தான். அவ்வளவு நெருக்கமான இடத்தில் நோட்டா ஒரு சொகுசு. வித்தியாசம் ஐம்பதாயிரம், நிற்பவர்களில் ஒருவரும் பிடிக்கவில்லை என்றால் தாராளமாக நோட்டா, ஆனால் தெருவில் பத்துப் பேரிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

காரியத்துக்காக அவரை ஆதரித்தவர் வழி 1ஐயும் 5ஐயும் சேர்த்து எடுக்கலாம். கூட்டத்துக்காக இருந்தவருக்கு 5. அந்த மனிதருக்காகவே இருந்தவருக்கு, அதாவது அவர் படத்தைப் பூஜை அறைக்குப் பக்கத்தில் மாட்டியவருக்கு, எந்த வழியும் உடனே பிடிக்காது. அவர் ரசிகராகவே இருந்துகொள்ளட்டும், அதில் என்ன குறை? ஓட்டை மட்டும் தனியாக யோசிக்கட்டும்.

கைக்காசு போட்டவர்கள் இந்த வாரமே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அச்சகத்துக்குக் கொடுத்த முன்பணம், வாடகைக்குப் பேசிய வண்டி, வேனுக்கான ஒலிபெருக்கி, எல்லாவற்றையும் பட்டியல் போட்டு ரத்துச் செய்யக் கேளுங்கள். அச்சடிக்காத போஸ்டருக்கு ஒரு பகுதியாவது திரும்பும். நன்கொடை வசூலித்து வைத்திருந்தால், கொடுத்தவர்களைக் கூப்பிட்டு, திருப்பித் தரட்டுமா, ரத்ததான முகாமுக்கு வைத்துக்கொள்ளட்டுமா என்று அவர்கள் வாயாலேயே கேட்டுவிட்டு, பதிலை நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.